விதை அறைக் கதவும் நாலு திருகாணியும்

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் காலை விதை அறையைத் திறந்தேன். தரையெல்லாம் நெல் சிதறிக் கிடந்தது. காட்டுயானம் கட்டி வைத்திருந்த கோட்டையின் அடிப்பக்கம் ஓட்டை. அதை ஒட்டியிருந்த தூயமல்லிக் கோட்டையும் அப்படியே. இரண்டு நெல்லும் ஒன்றோடு ஒன்று கலந்து, எலிப் புழுக்கையும் உமியுமாகப் பலகைக்குக் கீழே குவிந்து கிடந்தது. வயிறு கலங்கிப் போய் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

விதை வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வலி தெரியும். எலி தின்றது எவ்வளவு என்பது பெரிய கணக்கு இல்லை. கலப்பு ஆகிவிட்டதே, அதுதான் கணக்கு. கலந்த நெல்லை விதை என்று சொல்லி இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் முன்னின்று நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர்கள் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது முறை. அதே முறையைத்தான் எங்கள் ஊரிலும் வைத்திருக்கிறோம். இந்த ஆடிக்குக் காட்டுயானம் தருகிறேன் என்று மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்று பேருக்கும் பள்ளக்கால் நிலம். தண்ணீர் நின்றாலும் தாங்குகிற நெல் அவர்களுக்கு வேண்டும். நான் கொடுப்பேன் என்று நம்பி வேறு எங்கும் கேட்டு வைக்காமல் இருந்தார்கள்.

எலி எப்படி வந்தது? செங்கல் சுவர், மேலே கான்கிரீட், ஜன்னலுக்குக் கம்பிவலை. எலி நுழைய வழியே இல்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். கடைசியில் பார்த்தால் கதவுக்கு அடியில் இடைவெளி. தாழ்ப்பாள் பக்கம் என் கட்டைவிரல் தாராளமாக உள்ளே போகிறது. எலிக்கு அரை அங்குலம் இருந்தால் போதும். சுண்டெலிக்குக் கால் அங்குலமே போதும்.

அந்த இடைவெளியை உண்டாக்கினது யார் என்று யோசித்தேன். நானேதான்!

தோளில் நோய், காலில் வெட்டு

போன ஐப்பசி மழையில் கதவு தரையை உரச ஆரம்பித்தது. காலால் எத்தித்தான் திறப்போம். மழையில் மரம் ஊதிவிட்டது என்று நினைத்து, இழைப்புளியை எடுத்து அடிப்பக்கத்தை இழைத்துத் தள்ளினேன். உரசல் நின்றது. கார்த்திகையில் மறுபடி உரசியது. மறுபடி இழைத்தேன். சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கியதும் அடியில் வெளிச்சம் தெரிந்தது. வெயில் போனால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். எலி அதற்காகக் காத்திருக்குமா?

எங்கள் ஊர்த் தச்சர் எழுபதைத் தாண்டியவர். ஆள் விட்டுக் கூப்பிட்டதும் வந்தார். கதவைப் பாதி திறந்து, தாழ்ப்பாளைப் பிடித்து லேசாக மேலே தூக்கினார். கதவு ஒரு விரற்கடை மேலே போய் இறங்கியது. மேல் கீலைக் கையால் காட்டினார். நிலையை விட்டு அது தனியாக வந்து நின்றது.

"தம்பி, நோவு தோள்ல இருக்கு. நீங்க காலை வெட்டியிருக்கீங்க."

"மழைத்தண்ணியில ஊதிடுச்சுன்னு நெனச்சேன் அண்ணே."

"ஊதும், இல்லங்கல. ஆனா ஊதுன கதவு பக்கவாட்டுல நிலையில இறுகும். மூலை மட்டும் தரையில இடிச்சா மேல் கீலைப் பாக்கணும். அதுலதான் பாரம் தொங்குது."

அவர் சொன்னதை அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கதவு 6 அடி உயரம், 2½ அடி அகலம். நாட்டுத் தேக்கு; எடை சுமார் 30 கிலோ இருக்கும். இரண்டு கீலுக்கும் நடுவே 4½ அடி. கதவின் எடை அகலத்தின் நடுவில், அதாவது கீலிலிருந்து 1¼ அடி தள்ளி இறங்குகிறது. 30-ஐ 1¼-ஆல் பெருக்கி 4½-ஆல் வகுத்தால் 8 கிலோவுக்கு மேல் வருகிறது. கதவு சும்மா நிற்கும்போதே அவ்வளவு பாரம் மேல் கீலை நிலையிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. கீழ்க் கீலை அதே பாரம் நிலைக்குள் அழுத்துகிறது. அதனால்தான் எப்போதும் மேல் கீல் முதலில் கழல்கிறது. பேரப்பிள்ளை 20 கிலோ இருப்பான். தாழ்ப்பாளில் தொங்கி ஊஞ்சல் ஆடினால் இன்னொரு 11 கிலோ சேர்ந்துகொள்ளும். இத்தனையையும் தாங்குவது நாலு திருகாணியின் மரைதான்.

எங்கள் தாத்தா காலத்துப் பத்தாய அறைக் கதவுக்குக் கீலே கிடையாது. குடுமிக் கதவு. மேலும் கீழும் குடுமி விட்டுக் குழியில் நிறுத்தியிருப்பார்கள். எடை முழுவதும் கீழ்க்குழியில் இறங்கும். எப்போதாவது இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் போதும். கீல் வைத்த கதவில் எடை பக்கவாட்டில் தொங்குகிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது திருகாணியைப் பார்க்கத்தான் வேண்டும்.

மரை ஏன் விட்டுப்போகிறது?

திருகாணி மரத்தைப் பிடித்திருப்பது மரத்தின் நாரை மரை கவ்விக்கொண்டிருப்பதால். அந்த நார் அறுந்துவிட்டால் திருகாணி சுற்றும், இறுகாது. நார் அறுந்துபோவதற்குப் பல காரணம் உண்டு.

மழையில் மரம் ஊதுவதும் வெயிலில் சுருங்குவதுமாக வருடா வருடம் நடக்கிறது. ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. இரும்புத் திருகாணி ஈரத்தில் துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள மரமும் கறுத்து மக்கிப்போகிறது. கருவேலம் மாதிரி துவர்ப்புள்ள மரத்தில் இது சீக்கிரம் நடக்கும். அளவுக்கு மேல் முறுக்கினாலும் நார் அறும். இப்போது எல்லாரும் மெஷினால் முறுக்குகிறார்கள். கீல் உட்கார்ந்த பிறகும் ஒரு சுற்று கூடப் போய்விடும். அங்கேயே மரை போச்சு. வைரம் இல்லாத வெள்ளை மரத்தில் கீல் அடித்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

எங்கள் கதவில் நிலைப்பக்கம் இருந்த நாலு திருகாணியில் இரண்டு விரலாலேயே உருவிக்கொண்டு வந்தது. ஒன்று சும்மா சுற்றியது. நாலாவது துருப்பிடித்து அசையவே இல்லை.

நான் முன்பு செய்த கோளாறு

உருவி வந்த இரண்டு ஓட்டையிலும் தீக்குச்சியும் ஈர்க்கும் இருந்தது. அதுவும் என் கைவேலைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை ஆடியபோது சொருகி முறுக்கினேன். தச்சர் அதை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "இது அவசரத்துக்கு. தைலம் தடவுன மாதிரி. பெட்டி மூடிக்கு, ஜன்னல் கொக்கிக்கு ஆகும். முப்பது கிலோ கதவுக்கு ஆகுமா?" தீக்குச்சி மெத்து மரம், நசுங்கிவிடும். ஈர்க்கின் தோல் வழவழப்பு, பசை பிடிக்காது. அவசரத்துக்குச் சொருகுவதென்றால் மூங்கில் சிம்பைப் பசையில் தோய்த்து இறுகச் சொருகலாம் என்றார்.

பெரிய திருகாணி போட்டால் என்ன என்று கேட்டேன். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீளமான திருகாணி போடலாம், தடிமனானது போடக்கூடாது. தடித்த திருகாணியின் தலை கீலின் குழிக்குள் அடங்காமல் மேலே துருத்தும். கதவை மூடும்போது அது எதிர்ப்பட்டையில் இடிக்கும். இடிக்கிற கதவை அழுத்தி மூட மூட, மற்ற திருகாணிகளும் வெளியே வரும். ஆகவே அதே தடிமனில் அரை அங்குலமோ ஒரு அங்குலமோ நீளம் கூடியது போடவேண்டும். அது பழைய ஓட்டையைத் தாண்டி நல்ல மரத்தைக் கவ்வும். நிலை 3 அங்குலம் இருந்தால் இது சரிப்படும். கதவுப் பலகைப் பக்கமும் திருகாணி பலகையின் தடிப்பில் போகிறதால் பெரும்பாலும் சரிப்படும். ஆனால் ஓட்டையின் வாய் மக்கிப்போயிருந்தால் நீளத் திருகாணியும் கொஞ்ச நாளில் ஆடும். அப்போது மர ஆணி அடிப்பதுதான் வைத்தியம்.

மர ஆணி அடிக்கிற முறை

முதலில் அவர் திருகாணியைத் தொடவே இல்லை. குத்தூசியால் நிலை முழுக்கக் குத்திப் பார்த்தார். கரையானோ மக்கலோ இருந்தால் குத்தூசி பொசுக்கென்று உள்ளே போகும். அப்படிப் போனால் அந்தத் துண்டையே வெட்டி மாற்றவேண்டும். பிறகு நிலையைக் கையால் அசைத்துப் பார்த்தார். சுவரில் நிலையே ஆடினால் கீலை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. எங்கள் நிலை வேம்பு, உறுதியாக இருந்தது.

அடுத்து, கதவைப் பாதி திறந்து வைத்து, அடியில் இரண்டு ஆப்பு கொடுத்து, கதவு சரியான மட்டத்துக்கு வரும் வரை தட்டினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கீழ்க் கீலில் கை வைக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு கீல்தான். இரண்டையும் கழற்றினால் 30 கிலோ காலில் விழும்.

துருப்பிடித்த திருகாணிக்கு, அடுப்பில் காய்ச்சிய கம்பியின் நுனியைத் தலையில் சற்று நேரம் வைத்து எடுத்தார். ஆறியதும் திருப்புளியை நன்றாக அழுத்தித் திருப்பினார். கிரீச்சென்று அசைந்து வந்துவிட்டது. இரும்பு சூட்டில் விரிந்து திரும்பச் சுருங்கும்போது துருவின் பிடி விட்டுப்போகிறது.

பிறகு வேலை இப்படி நடந்தது.

1. நாலு ஓட்டையையும் 10 மில்லிமீட்டர் துளையாக, ஒன்றரை அங்குல ஆழத்துக்குத் துளைத்தார். கறுத்த மரம் முழுக்க வெளியே வந்து, புது மரத்தூள் விழவேண்டும். தூளை ஊதி எடுத்தார்.

2. மர ஆணிக்கு நன்றாகக் காய்ந்த வைர மரம் வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் காயும்போது சுருங்கி மறுபடி ஆடும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் கொல்லையில் விழுந்த வேம்பின் துண்டுகள் பரணில் கிடந்தன. அத்தனை மரம் போன வருத்தத்தில் எடுத்து வைத்தது. அதில் வைரப் பாகத்தைச் சீவி, துளைக்குச் சற்றே இறுக்கமாக, நுனி கொஞ்சம் கூர்ந்து வருகிற மாதிரி நாலு ஆணி செய்தார்.

3. ஒவ்வொரு ஆணியிலும் நீளவாக்கில் ஒரு கோடு கீறினார். அடிக்கும்போது உள்ளே இருக்கிற காற்றும் மிச்சப் பசையும் அந்தக் கோடு வழியாக வெளியேறும். இல்லையென்றால் ஆணி கடைசி வரை இறங்காது. வற்புறுத்தி அடித்தால் நிலை பிளக்கும்.

4. துளையிலும் ஆணியிலும் பசை தடவி, கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி இறக்கினார். அந்தக் காலத்தில் வச்சிரம் காய்ச்சி ஊற்றுவார்களாம். இப்போது மரவேலைக்கு விற்கிற வெள்ளைப் பசை போதும். சாரல் அடிக்கிற இடமானால் தண்ணீர் தாங்குகிற பசை வாங்கவேண்டும்.

5. ஒரு நாள் முழுக்கக் கதவைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒட்டுக் கட்டிய மாங்கன்றை ஆட்டிப் பார்ப்போமா? அதே மாதிரிதான். கதவு திறந்தே கிடந்ததால் அந்த ராத்திரி நான் விதை அறை வாசலில் கட்டில் போட்டுப் படுத்தேன்.

6. மறுநாள் துருத்திக்கொண்டிருந்த ஆணித் தலைகளை ரம்பத்தால் அறுத்து, உளியால் மட்டமாக்கினார். கீலை வைத்து, ஓட்டையின் நடுமையத்தில் குத்தூசியால் குறி போட்டார். நாங்கள் வாங்கியது 8-ஆம் நம்பர் திருகாணி. அதன் தடிமன் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு 3 மில்லிமீட்டரில் முன்துளை போட்டார். முன்துளை போடாமல் முறுக்கினால் ஆணி பிளந்துபோகும். பெரிதாகப் போட்டால் மரைக்குக் கவ்வ நார் இருக்காது.

7. பழையது ஒன்றரை அங்குலம். புதிதாக 2 அங்குலத் திருகாணி போட்டோம். மர ஆணியில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. நாரோடு போகிற திருகாணிக்கு, நாரின் குறுக்கே போகிற அளவு பிடிப்பு இருக்காது. அதனால் நுனி ஆணியைத் தாண்டி நிலையின் நல்ல மரத்திலும் அரை அங்குலம் போகவேண்டும். முன்துளையும் அதே ஆழத்துக்குப் போகவேண்டும்.

8. திருகாணியைத் தேன்மெழுகில் ஒருமுறை உரசிவிட்டு முறுக்கினார். சோப்பும் தேய்ப்பார்கள், அது ஈரத்தை இழுக்கும், துருவுக்கு வழி. கடைசிச் சுற்றுகள் கையால்தான். கீல் நிலையில் ஒட்டி உட்கார்ந்ததும் நிறுத்திவிடவேண்டும்.

இதில் நான் ஒரு இடத்தில் தப்பித்தேன். கரையான் வராமல் இருக்கட்டும் என்று துளைக்குள் வேப்பெண்ணெய் விடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். எண்ணெய் பட்ட மரத்தில் பசை பிடிக்காது. எண்ணெய் பூசுவதெல்லாம் வேலை முடிந்த பிறகு, வெளிப்புறம் மட்டும்.

நாலு ஓட்டையும் சேர்ந்து ஒரே பள்ளமாகப் போயிருந்தால் தனித்தனி ஆணி நிற்காது. கீல் உட்காரும் இடம் முழுவதையும் உளியால் சதுரமாக வெட்டி எடுத்து, நிலையின் நார் ஓடும் திசையிலேயே நார் ஓடுகிற கட்டை ஒன்றைப் பசை வைத்துப் பதிக்கவேண்டும். வெட்டு இடைவெளி இல்லாமல் பொருந்தவேண்டும். ஒட்டுக்கட்டுகிற கை உள்ளவர்களுக்கு இது வரும்.

ஆப்பை எடுத்ததும் கதவு தன் பாட்டில் நின்றது. ஒரு விரலால் தள்ளினால் போகிறது. ஆனால் கதவு மேலே ஏறியதால் அடியில் இடைவெளி முன்னைவிடக் கூடிவிட்டது. நான் இழைத்துத் தள்ளின மரம் திரும்ப வருமா? அடியில் ஒரு தேக்குச் சட்டம் வைத்துத் தைத்து, எலி கொறிக்காமல் இருக்க ஒரு அடி உயரத்துக்குத் தகரமும் அடித்தோம். இப்போது தீப்பெட்டி அட்டைகூட உள்ளே போகாது.

கொட்டகைக் கதவுகளுக்கு

விதை அறையை முடித்துவிட்டு மற்றக் கதவுகளையும் ஒருசுற்றுப் பார்த்தோம். மாட்டுக் கொட்டகைப் படலில் நான் ஆசைப்பட்டுப் பித்தளைத் திருகாணி போட்டிருந்தேன். மாட்டு மூத்திரத்திலிருந்து வருகிற அம்மோனியா பித்தளையை அரித்து விரிசல் விடவைக்கும். கொட்டகைக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் சரி. ஆட்டுப்பட்டிக் கதவுக்குப் பலகை மெல்லிசு. அங்கே திருகாணியே வேண்டாம், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற போல்ட்டும் நட்டும் போட்டுவிடுங்கள் என்றார். இழுப்புக்கு மரையை நம்பியிருக்கிற வேலையே இல்லை. கோழிக்கூட்டுக்கு மூங்கில் சிம்பும் பசையும் போதுமாக இருந்தது.

விதை என்ன ஆச்சு?

கதவு சரியாகிவிட்டது, கோட்டை போனது போனதுதான். காட்டுயானம் கேட்டிருந்த மூன்று பேரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். ஒருவர் எதுவும் பேசவில்லை. அதுதான் ரொம்ப உறுத்தியது. பிறகு பக்கத்து ஊரில் இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் 2 கிலோ வாங்கிப்போன தம்பியின் நினைவு வந்தது. திருப்பித் தரவில்லையே என்று நான் மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தவர். போன் செய்தேன். "அண்ணே, உங்களுக்குத் தரவேண்டியது கட்டியே இருக்கு. கொண்டாந்து கொடுக்கத்தான் நேரம் வரல, மன்னிச்சுக்குங்க" என்றார். 10 கிலோ கொண்டுவந்து கொடுத்தார். முளைப்புப் பார்த்தோம், நன்றாக இருந்தது. மூன்று பேருக்கும் ஆளுக்கு 2 கிலோ கொடுத்தேன். 4 கிலோ என் கோட்டைக்கு.

என் அறைக்குள் மட்டும் பூட்டி வைத்திருந்தால் அந்த நெல் இன்றைக்கு எங்கள் பக்கத்தில் இல்லை. கொடுத்து வைத்ததால் இருந்தது. அதற்காக அறையைத் திறந்துபோட முடியாது. இரண்டும் வேண்டும்.

உழவர் நண்பர்களே, விதைப்பு முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்ததும், மழை பிடிக்கிறதுக்கு முன்னால், ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு உங்கள் விதை அறைக்குப் போங்கள். கதவைப் பாதி திறந்து தாழ்ப்பாளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அசைந்தால் மேல் கீலைப் பாருங்கள். திருகாணி சுற்றினால் அன்றைக்கே ஒரு காய்ந்த வைரக்கட்டையைத் தேடி எடுங்கள். இழைப்புளியை மட்டும் எடுக்காதீர்கள்.